சாவி திரும்பாத இக்னிஷன்: கழற்றிச் சரிசெய்த அனுபவம்

சாவி திரும்பவில்லை என்பது ஒரு கோளாறு, சாவி திரும்பியும் செல்ஃப் எடுக்கவில்லை என்பது வேறொரு கோளாறு. இரண்டாவதில் டேஷ்போர்டு விளக்குகள் எரியும், 'டக்' என்று ஒரு சத்தம் வரும், இன்ஜின் மட்டும் சுற்றாது. பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் என்று தேடிப் போக வேண்டும். முதலாவதில் சாவி உள்ளே போகும், ஆனால் அசையாது. பழைய மாடல் வண்டிகளில் இதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி முழுக்கச் செத்துக் கிடந்தாலும் சாவி திரும்பத்தான் வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் போனில் சொன்னால் மெக்கானிக் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார், பாவம். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளின் கதை தனி. அவற்றில் சிலவற்றில் ஸ்டீரிங் பூட்டையே ஒரு சின்ன மோட்டார்தான் இயக்குகிறது, ஆகவே அங்கே பேட்டரியும் சந்தேக வட்டத்துக்குள் வந்துவிடும்.

நான் கை வைத்தது மாமாவின் வண்டி. திண்டுக்கல்லில் இருக்கிறது. 2000-களின் நடுவில் வாங்கிய ஹாட்ச்பேக், மேனுவல் கியர், சாவித் தலைக்குள் சிப் உண்டு, ஸ்டீரிங்கில் ஏர்பேக் கிடையாது. காலையில் முதல் தடவை சாவி அடம் பிடிக்கும், ஆட்டி அசைத்தால் திரும்பிவிடும், அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவு இருக்காது. "கொஞ்சம் எண்ணெய் விட்டிருக்கேன் மாப்ள, சரியாயிரும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். இதில்தான் எனக்குப் பயம். அவ்வப்போது திரும்புகிற பூட்டு என்றைக்காவது ஒருநாள் அடியோடு நின்றுவிடும், நின்ற பிறகு கழற்றுவது பல மடங்கு கஷ்டம். ஏன் என்பது கீழே வரும். திரும்புகிறபோதே இறங்கிப் பார்த்துவிடலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

முதலில் ஸ்டீரிங் பூட்டு. சாவியை எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை லேசாகச் சுற்றினால் ஓர் இடத்தில் 'கடக்' என்று பிடித்துக்கொள்ளும் அல்லவா, அது ஒரு இரும்பு போல்ட் வெளியே நீண்டு ஸ்டீரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் விழுவதால் வருவது. சாவியைத் திருப்பும்போது அந்த போல்ட் பின்னால் இழுபட வேண்டும். டயர் பக்கமிருந்து அழுத்தம் வந்து, பள்ளத்தின் சுவர் போல்ட்டை நெருக்கிக்கொண்டிருந்தால் அது நகராது, சாவியும் நகராது. அப்போது சாவியை முறுக்கினால் சாவிதான் உடையும். இடது கையால் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர்போல நிற்கும், மறுபக்கம் ஒரு நூலளவு விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்கிற பக்கமாகப் பிடித்துக்கொண்டு, சாவியை இரண்டே விரலால் திருப்ப வேண்டும். சரிவில் நிறுத்தி முன்டயரைக் கல்லில் ஒட்டி வைத்திருந்தால் கைபலம் பத்தாது. அந்தச் சமயத்தில் கைபிரேக் போட்டு, பின் டயர்களுக்குக் கல் வைத்து, முன் டயரை ஜாக்கியில் தரையிலிருந்து லேசாகத் தூக்கினால் அழுத்தம் விடுபடும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் லீவர் சரியாக 'பி'-யில் (பார்க் நிலையில்) உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சாவியும் செல்ஃபும் ஸ்டீரிங் பூட்டும் இப்படி ஒரே இடத்தில் சேர்ந்தது படிப்படியாக நடந்தது. சாவியைத் திருப்பியே ஸ்டார்ட் செய்யும் வசதியை 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969 மாடல்களில் இக்னிஷனை ஸ்டீரிங் தண்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டையும் அதோடு இணைத்தது. திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் பிறகு ஒரு சின்னப் பித்தளை உருளை பழுதானால் மொத்த வண்டியும் நின்றுவிடும் என்றாகிவிட்டது.

மாமா வண்டியில் ஸ்டீரிங் இரண்டு பக்கமும் தாராளமாக ஆடியது, போல்ட் மேல் அழுத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் சாவி சிக்கியது. ஆகவே ஒன்று சாவி, இல்லையென்றால் பூட்டு.

இந்த இடத்தில் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பெரும்பாலான கார் பூட்டுகளில் பேரல் என்கிற உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொடி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சரியான சாவி நுழைந்தால் ஒவ்வொரு வெட்டும் தன் தகட்டை வேண்டிய அளவுக்கு நகர்த்தி, எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாகிவிடும். சமமானால் உருளை சுழலும். ஒரே ஒரு தகடு துருத்தி நின்றாலும் சுழலாது. ஒரு வெட்டுக்கும் அடுத்த அளவு வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர் அளவுதான். பல வருடம் தேய்ந்த சாவியில் அதில் பாதி போயிருந்தாலும் பூட்டுக்குக் குழப்பம்தான்.

அதனால் சாவியை முதலில் சோதிக்க வேண்டும், காசு செலவில்லாத சோதனை அது. பீரோவில் கிடந்த இரண்டாவது ஒரிஜினல் சாவியை மாமி தேடிக் கொடுத்தார், வண்டி வாங்கியதிலிருந்து அதிகம் புழங்காதது. இரண்டையும் ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் தினசரிச் சாவியின் முனைகள் மழுங்கி, குன்றுகள் எல்லாம் வழுக்கையாகியிருந்தன. அடுத்து ஒரு சோதனை, இது அதிகம் பேர் செய்வதில்லை: முன் இடதுபக்கக் கதவில் சாவித் துவாரம் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அந்தப் பூட்டை யாரும் தொடுவதே இல்லை, புதிதாக இருக்கும். அதில் சாவி திரும்பாவிட்டால் சாவி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். திரும்பிவிட்டால் மட்டும் சாவி நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ஏனென்றால் பல வண்டிகளில் கதவுப் பூட்டில் தகடுகளின் எண்ணிக்கை இக்னிஷனைவிடக் குறைவு. மாமாவின் தினசரிச் சாவி இடதுபக்கக் கதவைத் திறக்கவில்லை. பீரோச் சாவி வெண்ணெயாகத் திறந்தது. ஆனால் இக்னிஷனில் பீரோச் சாவியும் இடையிடையே சிக்கியது. சரி, சாவியும் கெட்டிருக்கிறது, பூட்டும் கெட்டிருக்கிறது.

டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தபோது உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. ஆயுத பூஜை! ஒவ்வொரு வருடமும் ஸ்டீரிங்குக்கும் சாவித் துவாரத்துக்கும் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைக்கிறோம், அது காய்ந்து பொடியாகி, அடுத்த தடவை சாவி நுழையும்போது அதோடு சேர்ந்து உள்ளே போகிறது. அதன்மேல் மாமா தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். எண்ணெய், சந்தனப் பொடி, ரோட்டுத் தூசி மூன்றும் சேர்ந்தால் ஒரு களிம்பு ஆகிவிடும், மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதும் நமக்குத் தெரிந்ததே. காலையில் அடம்பிடித்துப் பகலில் சரியாகிற பூட்டின் ரகசியம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பொட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். துவாரத்துக்கு மேலே பிளாஸ்டிக் கவரில் வைத்தால் போதும்.

பூட்டு சிக்கினால் உடனே மசகு ஸ்ப்ரே வாங்கி அடிப்பது எல்லோருக்கும் பழக்கம். டபிள்யூடி-40 மாதிரியானவை 1950-களில் ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் என்று உருவாக்கப்பட்டவை. அழுக்கைக் கரைத்து வெளியே கொண்டுவர உதவும், ஆனால் அதை அடித்து அப்படியே விட்டுவிட்டால் எஞ்சும் எண்ணெய்ப் படலத்தில் மறுபடி தூசி ஒட்டும். நான் செய்த வரிசை இது: பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன், துவாரத்தில் காண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்வது) ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்தேன், பீரோச் சாவியை நுழைத்து எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தேன், மறுபடி அடித்தேன். துணியில் சிவப்பும் கருப்பும் கலந்து வந்துகொண்டே இருந்தது. அழுக்கு வருவது நின்றதும் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் காற்றுக் குழாயை நீட்டினார், நன்றாக ஊதிக் காயவைத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், எல்லாம் முகத்துக்குத்தான் வரும்.

சுத்தம் செய்த பிறகு பீரோச் சாவி பெரும்பாலும் திரும்பியது. தினசரிச் சாவி முன்போலவே. அதை எடுத்துக்கொண்டு நாகல் நகரில் சாவி வெட்டுபவரிடம் போனேன்.

திண்டுக்கல்லில் பூட்டு வேலை என்பது சும்மா இல்லை. இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதெல்லாம் லீவர் பூட்டுகள், கையால் செய்வது, கார் பூட்டுக்கும் அதற்கும் உள்ளமைப்பு வேறு. ஆனால் அரம் பிடித்துப் பழகிய கை எந்தச் சாவியையும் படித்துவிடும். நான் தேய்ந்த சாவியை நீட்டியதும், "இதைப் பார்த்து வெட்டினா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் தம்பி வெட்டணும். புழங்காத சாவி இருக்கா, இல்ல நம்பர் தகடு இருக்கா?" என்று கேட்டார். இதைக் கேட்காமல் நகல் எடுத்துக் கொடுப்பவரிடம் கார் சாவியைக் கொடுக்காதீர்கள். நகலுக்கு நகல் எடுத்த சாவியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை கூடும். புது வண்டியோடு சாவி எண் பொறித்த ஒரு சின்னத் தகடு வரும், அந்த எண் இருந்தால் கம்பெனி அளவிலேயே புதிதாக வெட்டலாம். மாமாவிடம் அது இல்லை. ஆகவே பீரோச் சாவியின் ஒவ்வொரு வெட்டையும் காலிப்பரில் அளந்து, இரண்டு அளவுக்கு நடுவில் நிற்கிற இடங்களில் எது மூல அளவாக இருந்திருக்கும் என்று கணித்து, அந்தச் சாவி வெட்டும் அண்ணன் புதுச் சாவி வெட்டினார். தினசரிச் சாவியின் தலையைப் பிளந்து சிப்பை எடுத்துப் புதிய தலைக்குள் வைத்தார். அரிசி மணிக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருப்புக் கட்டி, அவ்வளவுதான். அதற்குப் பேட்டரி கிடையாது, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் வளையத்திலிருந்து சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். அது இல்லாமல் வெட்டிய சாவி பூட்டைத் திருப்பும், ஆனால் இன்ஜின் ஓடாது. பழைய சாவியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

புதுச் சாவி நன்றாகத் திரும்பியது. மாமாவுக்குத் திருப்தி, "போதும் மாப்ள, விடு" என்றார். ஆனால் சாவியை மெதுவாக விட்டுத் திருப்பிப் பார்த்தால் எப்போதாவது ஒரு தடவை லேசாக உரசிக்கொண்டுதான் நகர்ந்தது. உள்ளே ஏதோ ஒரு தகடு சரியாக இறங்கவில்லை. பேரலைக் கழற்றலாம் என்றேன்.

திரும்புகிறபோதே இறங்க வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பல வண்டிகளில் பேரலைக் கூட்டுக்குள் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் பின். சாவியை ஏசிசி நிலைக்கு (இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை) திருப்பினால் மட்டுமே அந்தப் பின் கூட்டின் துளைக்கு நேராக வரும், அழுத்தி வெளியே உருவலாம். சாவி அடியோடு திரும்பாத பூட்டில் அந்த வழி மூடிவிடும். அப்புறம் பேரலை டிரில் போட்டுத் துளைக்க வேண்டும், அல்லது மொத்தப் பூட்டையும் ஸ்டீரிங் தண்டிலிருந்து இறக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலையே இருக்காது, கம்பெனியில் முறுக்கும்போதே தலை முறிந்து விழும்படி செய்தவை, திருடன் கழற்றக் கூடாது என்பதற்காக. உளி வைத்துத் தட்டித் தட்டித்தான் சுற்ற வேண்டும்.

ஸ்டீரிங் தண்டைச் சுற்றியுள்ள கவருக்குக் கீழிருந்து ஸ்க்ரூக்கள். அவற்றை எடுத்ததும் கவர் இரண்டாகப் பிரியும், வயதான பிளாஸ்டிக் என்பதால் கிளிப்புகளை வெயிலில் நின்ற வண்டியில், சூடாக இருக்கும்போது விடுவிப்பது நல்லது, குளிர்ந்திருந்தால் படக்கென்று உடையும். காயில் வளையத்தின் வயர் மயிர்போல மெல்லியது, பிளக்கைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். உங்கள் ஸ்டீரிங்கில் ஏர்பேக் இருந்தால் (இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுநருக்கு அது கட்டாயம்) பேட்டரியைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகே கை வைக்க வேண்டும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் பிளக் எதையும் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றை வெட்டி முனையை அரத்தில் தட்டையாக்கிக்கொண்டேன். சாவியை ஏசிசி-க்குத் திருப்பி, துளையில் கம்பியை விட்டு அழுத்திக்கொண்டே சாவியை இழுத்ததும் பேரல் மொத்தமாகக் கையில் வந்தது. இப்போது அவசரப்பட்டுச் சாவியை உருவினால் தகடும் ஸ்பிரிங்கும் தெறித்துவிடும். விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் துணி விரித்து, அதில் வைத்துத்தான் வேலை செய்தேன்.

சாவி உள்ளே இருக்கும்போதே உருளையின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வைத்துப் பார்த்தால் எந்தத் தகடு குற்றவாளி என்று தெரிந்துவிடும். எல்லாம் சமமாக இருக்க வேண்டும். இங்கே வாய்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது தகடு மட்டும் நகம் தட்டும் அளவுக்குத் துருத்தி நின்றது. வாய்க்கு அருகிலுள்ள தகடுகள்தான் பொதுவாக அதிகம் தேயும், காரணம் சாவி முழு நீளமும் அவற்றை உரசிக்கொண்டே உள்ளே போகிறது, கடைசித் தகட்டைத் தொடுவது சாவியின் நுனி மட்டும். போட்டோ எடுத்துக்கொண்டு, சாவியை ஒவ்வொரு தகடாகப் பின்னால் இழுத்து, ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் எடுத்து வைத்தேன். தகட்டில் அதன் அளவு எண் பொறித்திருக்கும். மூன்றாவது தகட்டின் உள்விளிம்பு பள்ளமாகத் தேய்ந்திருந்தது, அதன் ஸ்பிரிங்கும் சோர்ந்துபோயிருந்தது, அது உட்காரும் தடத்தில் சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது.

துருத்தும் தகட்டை அரத்தால் ராவிச் சமமாக்குவது பல இடங்களில் நடக்கிற வேலை, சிலர் அந்தத் தகட்டையே எடுத்து எறிந்துவிட்டு மூடிவிடுவார்கள். இரண்டிலும் சாவி அன்றைக்கே அழகாகத் திரும்பும். ஆனால் பூட்டு அந்த அளவுக்கு இளகிவிடுகிறது, வேறு வண்டிச் சாவியும் திரும்பக்கூடிய வாய்ப்பு கூடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. சாவி வெட்டும் அண்ணனிடம் பழைய பேரல்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன, அதே எண் தகடும் ஒரு ஸ்பிரிங்கும் தேடிக் கொடுத்தார். மற்றத் தகடுகளையும் தடங்களையும் வாசலில், நெருப்புக்குத் தூரமாக, பெட்ரோலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். மாட்டும்போது கிராஃபைட் பொடி மட்டும் சிட்டிகை அளவு. எண்ணெயும் கிராஃபைட்டும் சேரக் கூடாது, சேர்ந்தால் மறுபடியும் அதே களிம்பு. கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்பதால் பின்னால் இருக்கும் சுவிட்ச் பக்கம் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டிய பிறகு சோதனைகள் முக்கியம், இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஒவ்வொரு நிலைக்கும் சாவி தெளிவாகத் தட்டி நிற்கிறதா, ஸ்டார்ட் நிலையிலிருந்து விட்டதும் தானாகத் திரும்பி வருகிறதா, ஆன் நிலையில் சாவியை இழுத்தால் வெளியே வராமல் இருக்கிறதா, சாவி உள்ளே இருக்கும்வரை ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா. தேய்ந்த பேரலில் ஓடும்போதே சாவி நழுவி வரலாம், அது உயிரோடு விளையாடுகிற விஷயம்.

அதோடு சேர்த்து மாமாவின் சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோவைத் திறக்கும் சாவி, பழனியில் வாங்கிய கனமான பித்தளை வேல் எல்லாம் இக்னிஷனில் தொங்கி, ஒவ்வொரு குழியிலும் ஆடிக்கொண்டிருந்தன. அந்த எடை முழுவதையும் தாங்குவது மெல்லிய தகடுகளும் அவற்றின் தடங்களும்தான். எடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014-இல் அமெரிக்காவில் நடந்தது சாட்சி. ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு பலவீனமாக இருந்ததால் ஓடும்போதே சாவி ஆன் நிலையிலிருந்து விலகி, இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றது. பழுதுபார்க்கும்வரை சாவியைத் தவிர வேறு எதையும் வளையத்தில் மாட்டாதீர்கள் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அது சுவிட்ச் கோளாறு, நம்முடையது பேரல் கோளாறு, ஆனாலும் தொங்குகிற எடை இரண்டுக்கும் எதிரி. மாமாவிடம் இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கார் சாவியைத் தனியாகப் பிரித்துவிட்டார். வேல் இப்போது கடைச் சாவியோடு இருக்கிறது.

பேட்டரி வயரை மாட்டி, புதுச் சாவியைப் போட்டுத் திருப்பியதும் இம்மொபிலைசர் (சிப்பின் எண்ணைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு அமைப்பு) விளக்கு எரிந்து அணைந்தது, இன்ஜின் பிடித்தது. இரண்டு விரலால் திரும்புகிறது. தேய்ந்த சாவியின் தண்டை வெட்டிப் போட்டுவிட்டோம், வீட்டில் யாராவது அதைக் கொண்டுபோய் நகல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. புதுச் சாவியின் அளவுகளை அண்ணனிடமே எழுதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தின் போட்டோகாப்பியோடு பீரோவில் வைத்தாயிற்று. ஓட்டுநர் பக்கக் கதவுப் பூட்டிலும் அதே சிவப்பு தெரிகிறது, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும்.